கனகாவின் பெயர் பதினேழு இடங்களில்

சித்தூருக்குப் போய்வந்து மூன்று வாரமாகிறது. அன்றைக்கான டைரிப் பக்கத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. இது உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். ஏழாம் வகுப்பிலிருந்து டைரி எழுதுகிறவள் நான். காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாளில்கூட "காய்ச்சல். கஞ்சி. ஜன்னலோரப் படுக்கை" என்று எழுதிவிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறேன். திருப்பதியில் எங்கள் ஆபீசில் ஏதாவது ஒரு தேதியைப் பற்றித் தகராறு வந்தால் என் மேஜைக்குத்தான் வருவார்கள். அப்படிப்பட்டவளின் டைரியில் ஒரு பக்கம், "காலை 10.40. பள்ளிக்கூட ஹாலில் கனகாவைப் பார்த்தேன்" என்ற வரியோடு நிற்கிறது.

என் தங்கை மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கத்தான் போனோம். நான் படித்த அதே பள்ளி, கன்னியாஸ்திரிகள் நடத்துவது. சித்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மாம்பழக்கூழ் வாசனை வந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது. ஜூன் மாதத்தில் அந்த ஊர் முழுக்க அப்படித்தான் இருக்கும். லாரி லாரியாகப் பெங்களூரா மாங்காய் வந்து ஃபாக்டரிகளில் கூழாகும். இனிப்பும் புளிப்பும் கலந்து, சற்றே கெட்டுப்போனது மாதிரி ஒரு வாசனை. மற்றவர்களுக்கு அது மாம்பழம். எனக்கு அது புது நோட்டுக்குப் பிரவுன் அட்டை போடும் வாசனை, ஹாஸ்டல் டிரங்குப் பெட்டியைத் திறக்கும் வாசனை, ஸ்கூல் திறந்துவிட்டது என்ற வாசனை.

தங்கையும் அவள் மகளும் ஆபீஸ் அறைக்குள் போனார்கள். நான் ஜெராக்ஸ் கட்டோடு வெளியே ஹாலில் உட்கார்ந்தேன். (கட்டு தேதி வரிசைப்படி இருந்தது. தங்கை, "அக்கா, இது அட்மிஷன், கோர்ட்டு கேஸ் இல்ல" என்றாள்.) எதிர்ச் சுவரில் ஒரு பெரிய பளபளப்பான போர்டு. "எங்கள் மாணவர்கள் என்ன கற்கிறார்கள்" என்று தலைப்புப் போட்டு, பாடவாரியாக எண் கொடுத்து எழுதியிருந்தது. கணிதத்தில் சிந்தனைத் திறன், அறிவியலில் ஆராய்ச்சி மனப்பான்மை, மறைக்கல்வியில் அன்பும் மன்னிப்பும். சும்மா இருக்க முடியுமா என்னால்? ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன். ஐந்துக்கு அப்புறம் ஏழு இருந்தது.

"ஆறாம் நம்பரு கெடயாது. வுட்டுட்டானுங்க."

திரும்பினேன். நீல நிற யூனிஃபார்ம் சேலையில், கையில் சாவிக்கொத்தோடு, பள்ளியின் ஆயாம்மா நின்றுகொண்டிருந்தாள். "போர்டு மாட்டி ஒரு வருசம் ஆவுது. இது வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல. வர்றவங்கல்லாம் போட்டோ தான் புடிக்கறாங்க." பேச்சை நிறுத்தி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏய். நீ லெர்ன்ட் புக்கு தானே?"

அந்தப் பெயரைக் கேட்டு முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. அவளுடைய இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் தழும்பை அப்போதுதான் பார்த்தேன். ஹாஸ்டல் அடிபம்பின் கைப்பிடி பட்ட தழும்பு. பாலசமுத்திரம் பக்கத்துக் கனகா. ஏழாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரி.

லெர்ன்ட் புக் என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் மட்டும் இருந்த வழக்கம் அது, வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் நீளமான ரிஜிஸ்டர் ஒன்று இருக்கும், அதற்குப் பெயர்தான் லெர்ன்ட் புக். என்ன நடத்தினோம் என்று ஆசிரியர்கள் தங்கள் நோட்டில் எழுதுவார்கள். ரிஜிஸ்டரில் எழுதுவது ஒரு மாணவி. பீரியட், பாடம், ஆசிரியர், பக்க எண், கடைசியில் அகலமாக ஒரு கட்டம்: இன்று கற்றது. சாயங்காலம் அதைத் தலைமை சிஸ்டரின் மேஜையில் வைக்க வேண்டும். சிஸ்டர் கேரளத்துக்காரர். தமிழும் தெலுங்கும் பேசுவார், படிக்க வராது. அதனால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். "டீச்சர் குடுத்தது டீச்சர் நோட்டுல இருக்கு. உங்களுக்கு வந்து சேர்ந்தது எங்க இருக்கு?" என்று கேட்டுத்தான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தாராம்.

ஏழாம் வகுப்பில் அதை எழுதியவள் நான், அதனால் எனக்கும் அதே பெயர். எப்படிப்பட்ட பெருமை தெரியுமா! ஜன்னல் வழியாக மாதா கோயில் மணிக்கூண்டுக் கடிகாரம் தெரியும் இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். அறிவியலா, தவளையின் இதயத்துக்கு மூன்று அறை. சோஷியலா, ராயலசீமையின் மண் வகைகள். தையலா, காஜா எடுப்பது, நூல் முடிச்சு மூன்று சுற்று. கத்தோலிக்கப் பிள்ளைகள் பதினோரு பேர் மறைக்கல்விக்குப் போய்விடுவார்கள், எங்களுக்கு அதே நேரம் நீதிபோதனை. அவர்கள் கற்றதையும் எழுத வேண்டும் என்பதால் திரும்பி வரும்போது ஒருத்தியைப் பிடித்து விசாரிப்பேன். எழுதிவிட்டு, நான் நேரில் பார்க்கவில்லையே என்பதால், "கேள்விப்பட்டது" என்று பக்கத்தில் போடுவேன். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு மற்ற சிஸ்டர்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கனகா ஏழாம் வகுப்புக்கு வந்தபோது அவளுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்தவள். இங்கே தெலுங்கு ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம். பாவம், இரண்டு பக்கமும் சுவர். கணக்கு டீச்சர் ஸ்டெல்லா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த சின்ன வயதுக்காரர். முதல் வாரமே அவர் கவனித்துவிட்டார். எங்களுக்குக் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, கடைசி பெஞ்சுக்கு வந்து என்னைப் பார்ப்பார். "கொஞ்சம் முன்னாடி போய் உக்காரும்மா." நான் எழுந்து போவேன். என் இடத்தில் டீச்சர் உட்காருவார். கனகாவின் ஸ்லேட்டில் ரொட்டி வரைந்து, வெட்டி, தமிழில் சொல்லிக்கொடுப்பார். அந்த வருடம் ஏழாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு. கனகா அதில் தேறினால் ஹாஸ்டலில் தொடரலாம். இல்லாவிட்டால் வீடு.

இதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஜனவரியில் டீச்சர் கல்யாணத்துக்காகப் போய்விட்டதாகச் சொன்னார்கள். என் முதல் டைரியில் அன்றைய வரி இப்படி இருக்கிறது: "ஸ்டெல்லா டீச்சர் போய்விட்டார்கள். மதியம் எலுமிச்சைச் சோறு." கனகா தேறவில்லை. ஏப்ரலில் அவளுடைய அப்பா வந்து பெட்டியைத் தலையில் வைத்துக் கூட்டிப்போனார்.

"இருடி, போயிடாத," என்று உள்ளே ஓடிய கனகா, சோற்றுக்கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தாள். பைக்குள் துணி, துணிக்குள் ரிஜிஸ்டர்.

"நான் இங்க வேலைக்கு வந்த புதுசுல ஸ்டோர் ரூம காலி பண்ணி பழைய பேப்பர்காரனுக்கு போட்டாங்க. பாத்தா உன் கையெழுத்து! உள்ள என் பேரு! கே, ஏ, என்... டீச்சர் சொல்லிக்குடுத்துதுல்ல, அது மட்டும் படிப்பேன். பதினேழு எடத்துல எழுதிக்கிற. ஒரு பக்கம் வுடல. நான் தேடிப் பாத்துட்டேன்." என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யார்கிட்டயும் குடுத்துப் படிக்கச் சொல்லல. வெக்கமா இருந்திச்சி. நீ படிச்சி சொல்லு. இன்னாடி எழுதிக்கிற என்னப் பத்தி?"

அவளே அடையாளம் வைத்திருந்தாள், சாக்லேட் காகிதத் துண்டுகள். முதல் துண்டு இருந்த பக்கத்தைத் திறந்தேன். என் எழுத்துத்தான். அப்போதே கோடு போட்டது மாதிரி எழுதியிருக்கிறேன்.

கணிதம். ஆசிரியர்: ஸ்டெல்லா. பக்கம்: இல்லை. இன்று கற்றது: எதுவும் இல்லை. டீச்சர் கனகாவோடு மட்டும் பத்து நிமிடம்.

அடுத்த துண்டு. எதுவும் இல்லை. கனகாவோடு பன்னிரண்டு நிமிடம். அதற்கடுத்தது. புதுப் பக்கம் நடத்தவில்லை. கனகாவோடு ஒன்பது நிமிடம். ஓரத்தில் சிஸ்டரின் சிவப்பு மை தொடங்குகிறது: "மறுபடியும்?" பிறகு "விசாரிக்கவும்". பதினேழாவது இடத்தில், "டீச்சரிடம் இந்தப் புத்தகத்தைக் காட்டிப் பேசினேன்". அதற்கு ஆறாவது நாள் ஆசிரியர் கட்டத்தில் வேறு பெயர். அந்தப் பெயரையும் நான்தான் எழுதியிருக்கிறேன், அழகாக.

காதுக்குள் விர்ரென்று ஒரு சத்தம். ஹாலில் ஃபேன் ஓடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன். ஓடவில்லை.

உண்மையைத்தானே எழுதினேன் என்று உடனே ஒரு நியாயம் வந்தது. பக்க எண் இல்லாவிட்டால் பாடமில்லை என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட விதி. அந்த விதியைப் பிடித்துக்கொண்டே இன்னும் சில பக்கங்களைப் புரட்டினேன். புரட்டியிருக்கக் கூடாது. தெலுங்கு சார் எங்கள் ஊரான புத்தூர்க்காரர், சனிக்கிழமை ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுப்பவர். மதிய பீரியடில் பாதி நாள் நாற்காலியிலேயே தூங்குவார், குறட்டைகூடக் கேட்கும். அந்த நாட்களுக்கெல்லாம் என் கையெழுத்தில் ஒழுங்காகப் பக்க எண் இருக்கிறது. "செய்யுள், பக்கம் 41. மனப்பாடம்." ஓரிடத்தில்கூட அவர் தூங்கியதாக இல்லை. கடிகாரம் பார்த்து நிமிடம் எழுதியது ஒரே ஒருவருக்குத்தான். என்னை முன் பெஞ்சுக்குப் போகச் சொன்னவருக்கு.

பன்னிரண்டு வயதில் எனக்கு அது தெரிந்தே இருந்ததா? தெரியவில்லை. டைரியில் இல்லை.

"இன்னாடி, நல்லா கணக்கு போட்டாள்னு எழுதிக்கிறியா?" கனகா சிரித்தாள். "மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசான்னு டீச்சர் கேக்கும். நான் நாலுல ஒண்ணுன்னு தான் சொல்வேன். நாலு பெருசாச்சே! ஒரு மாசம் ஆச்சி புரிய. இப்ப மதியானம் நான் தான் இங்க புள்ளைங்களுக்கு சோறு பிரிக்கறேன். ஒரு கரண்டி தப்பாது."

ஒரே ஒரு வாக்கியம் போதும். கனகா இன்று நன்றாகக் கணக்குப் போட்டாள். அவளால் சரிபார்க்க முடியாது. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் நல்லவள் என்பதால் நின்றது என்று எண்ண வேண்டாம். எழுதியிருப்பதை மாற்றிப் படிக்க எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். முதல் பதிவைத் தமிழில் சொன்னேன். இரண்டாவதையும். ஐந்தாவதில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செவப்புல இன்னா?"

சொன்னேன்.

"அப்ப டீச்சரு கல்யாணத்துக்குப் போவல?"

"தெரியல கனகா. இதக் காட்டிப் பேசியிருக்காங்க. ஆறு நாள் கழிச்சு வேற டீச்சர். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

அவள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் எண் இருந்திருக்க வேண்டிய இடத்தை என்று நினைக்கிறேன்.

"நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இந்தப் பொண்ணுக்கு மண்டையில ஏறாதுன்னு டீச்சருக்கு அலுத்துப் பூட்டுது, அதான் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிடுச்சின்னு. எங்க நைனா வந்து இட்டுக்கினு போவும்போது கூட நான் அழுவல. நமக்கு வராது, சரிதான்னு கெளம்பிட்டேன். இத்தினி வருசம் அத தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

ஸ்டெல்லா டீச்சர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வேலூரில் எந்தத் தெரு, அப்பா பேர் என்ன, ஒன்றுமே தெரியவில்லை. நிமிடங்கள் மட்டும்தான் என்னிடம் இருந்தன.

உள்ளே மணி அடித்தது. கனகா எழுந்து போனாள், அரை நிமிடத்தில் திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உங்கள உள்ள கூப்பிடறாங்க, மேடம்."

ரிஜிஸ்டரை நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை.

"நீங்களே வச்சிக்கோங்க. எனக்கு இனிமே இன்னாத்துக்கு?" என்று சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பாட்டு ஹால் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து பாத்திரங்களை இறக்கும் சத்தம் கேட்டது.

அட்மிஷன் கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் யாரும் ரிஜிஸ்டர் எழுதுவதில்லையாம். பிள்ளை என்ன கற்றாள் என்று தினமும் சாயங்காலம் ஆசிரியர்களே பெற்றோரின் போனுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். ரிஜிஸ்டர் என் டைரி அலமாரியில் இருக்கிறது, வருட வரிசைப்படி முதலாவதாக. சாக்லேட் காகிதங்களை நான் எடுக்கவில்லை. கனகா பதினேழு என்று சொன்னதைச் சரிபார்த்தேன். பதினேழுதான். என்னை லெர்ன்ட் புக்கு என்று கூப்பிட உலகத்தில் ஒருத்தி இருந்தாள். அன்று காலை 10.40-லிருந்து ஏறக்குறைய 11.15 வரை இருந்தாள்.