புகைக்கூடத்தில் சுருதி சேர்த்த பெட்டி

மேலே கோயிலில் தப்புச் சத்தம் வேகமெடுத்தது. சாமி புறப்பட்டுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. யூரியாப் பையில் சுற்றிய பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே லொறிப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தாலும் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"டேய், நில்லுடா!"

சித்தப்பா மகன் மூச்சு வாங்க ஓடிவந்தான். அவனும் நானும் தோட்டத்துப் புகைக்கூடத்தில் விறகு போடுகிறவர்கள்.

"ஒங்கப்பா தேடுறாரு. நாளைக்குப் பழைய இரும்புக்காரன வரச் சொல்லிட்டாராம்."

"பெட்டிய எடுக்கத்தானே?"

"பின்ன ஒன்னயவா எடுப்பான்? ஒன்னய எட போட்டா ஒரு பிளேன்டீக்குக்கூடக் காணாது."

"நான் டவுனுக்குப் போறேன். ஸ்பீக்கர் கட நானாவப் பாக்கணும்."

"அவரு முன்னுக்குத்தானே பெட்டிய நரி மாதிரி ஊளையிட வச்ச? அவரு காதப் பொத்துனத நான் பாத்தேன்டா."

நானும் பார்த்தேன்.

ஒன்பதாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மிச்சத்தை, சிக்னல் கிடைக்கும் ஒரு பாறையில் உட்கார்ந்து போனில் படித்தேன். செத்த ரேடியோக்களைக் கழற்றி, பால்மா டின்னை வெட்டிக் கட்டைகள் செய்து, தொட்டால் பாடும் ஒரு பெட்டியைச் சேர்த்தேன். கட்டைக்கு ஒரு திருகு. அதைத் திருப்பித்தான் சுருதி சேர்க்க வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீட்டுக் கூரை ஒழுகும் என்பதால் வேலையெல்லாம் புகைக்கூடத்தில் நடந்தது. மேலே ரப்பர் ஷீட் காயும், கீழே விறகு எரியும். அந்தச் சூட்டில், போனில் ஆர்மோனியத்தை ஒலிக்கவிட்டு ஒவ்வொரு ஸ்வரமாகச் சேர்த்தேன்.

அப்பாவோடு ஒரு பேச்சு இருந்தது. குருவிட்ட டவுனில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் முஸ்லிம் முதலாளி திருவிழாவுக்கு வருவார். எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன் மாதிரி. பெட்டியைக் கேட்டு அவர் என்னைக் கடை வேலைக்கு எடுத்தால் நான் போகலாம். எடுக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து ரப்பர்ப் பால் வெட்டப் போக வேண்டும், பெட்டி இரும்புக்காரனுக்கு. நான் சரி என்றேன். திருவிழாவன்று காலையில்கூடப் புகைக்கூடத்தில் பெட்டி ஒழுங்காகத்தான் பாடியது.

பந்தலில் மழைச் சாரலுக்குள் நெடுநேரம் காத்திருந்தபின் என் முறை வந்தது. முதல் ஸ்வரமே ஏறிப்போயிருந்தது. அடுத்தது அதையும் தாண்டியது. நாதஸ்வரக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வயரப் புடுங்குங்கடா, சாமி பயந்து ஓடிறும்!" என்று கோயில் கமிட்டித் தலைவர் கத்த, கோயிலே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் வருவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"பால் வெட்டுற கத்தி புடிச்சா ஒன்னும் செத்துற மாட்ட," என்றான் சித்தப்பா மகன். "ஒங்கப்பாகிட்ட என்னா சொல்ல?"

"காணலன்னு சொல்லு."

அவன் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினான்.

மெயின் ரோட்டை அடைந்தபோது மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடைக்குள் ஓடினேன். கடைக்காரச் சிங்கள அக்கா பையைப் பார்த்து, உள்ளே நாய்க்குட்டியா என்று சிங்களத்தில் கேட்டார். பாட்டுப் பெட்டி என்றேன். நம்பவில்லை. அடுப்புப் பக்கமாகப் பிளக் இருந்தது. அங்கேயே வைத்துக் காட்டு என்றார்.

தொட்டதும் அதே ஊளை. பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், நாய்தான் என்றார். என் காதே பிழையோ? அப்படியென்றால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. திருகைத் தொடாமல், விரலை ஒரே கட்டையில் வைத்தபடி டீயைக் குடித்தேன். இரண்டாவது டீயும் முடிந்தது. ஸ்வரம் இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக, சறுக்குவது போல. கடைசியில் ஓரிடத்தில் நின்றது. போனில் ஆர்மோனியத்தைப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்று.

"தென் ஹரி," என்றார் அக்கா. இப்போது சரியாம்.

காதில் பிழையில்லை. பெட்டிக்குள் ஏதோ ஒன்று ஈரம் குடிக்கிறது, அடுப்புச் சூட்டில் காய்கிறது. நான் அதற்குப் புகைக்கூடத்தின் சுருதியைச் சேர்த்திருக்கிறேன், வெளியே இருக்கும் ஊருக்குச் சேர்க்கவில்லை. குடிப்பது எந்தச் சாமான் என்று மட்டும் தெரியவில்லை. அன்று இரவு அந்தக் கடையின் வாங்குப் பலகையிலேயே படுத்தேன்.

மறுநாள் காலையில் குருவிட்டயில் நானாவின் ஆட்கள் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து ஊளையிட்ட பொடியன்தானே நீ?" என்றார் நானா.

நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டார்.

"மழ பெஞ்சா பாடாத பெட்டி, எந்நாளும் மழ பெய்யிற இந்த ரத்தினபுரிப் பக்கம் எதுக்கு மகன்?"

பையை எடுத்தேன்.

"நில்லு. பாட்டுக்கு ஆள் வாணாம். ஸ்பீக்கர் தூக்கத்தான் ஆளில்ல. முதுகு நல்லா ஈக்குதா?"

லொறி எங்கே போகிறது என்று கேட்டேன். இன்றைக்குக் கித்துல்கல, அடுத்தது எம்பிலிப்பிட்டிய என்றார். ஒன்று நாள் முழுக்க நனையும் ஊர், மற்றது புழுதி பறக்கும் ஊர். பெட்டிக்குள் இருக்கும் சாமானை ஒவ்வொன்றாக மாற்றி, இரண்டு காற்றிலும் கேட்டுப் பார்க்கலாம்.

"இதுவும் ஏறலாமா?"

"ஒன்ட மடில ஏறட்டும்."

அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"நானா என்னய எடுத்துட்டாரு."

"அந்தப் பெட்டிக்கா?"

"இல்ல. ஸ்பீக்கர் தூக்க."

அவர் இருமினார். "எடுத்தா போகலாம்னுதானே சொன்னேன். போ," என்றார்.

பெரிய ஸ்பீக்கர் ஒன்று நடைபாதையில் நின்றது. ஒரு பக்கத்தை டிரைவர் பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன்.