பம்பர் டிக்கெட்டும் என் புதன்கிழமையும்

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் எங்கள் மேசைக்கு ஐந்து பேர். வெள்ளை விளக்கின் கீழே கறுப்பு ரப்பர் வளையங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் விழுந்ததைச் சிவப்பு டப்பாவிலும் நல்லதைப் பச்சை டப்பாவிலும் போட வேண்டும். கண்ணுக்கு வேலை, கைக்கு வேலை, வாய்க்கு மட்டும் வேலை இல்லை. அந்த வாய்தான் எங்களை லாட்டரி வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

தமிழ்நாட்டில் லாட்டரிக் கடைகளை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்களுக்கு யோகம் அடிக்க வேண்டுமென்றால் அது பாலக்காடு வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஸ்டோர்ஸில் இருந்த சேட்டனுக்கு அதுதான் சொந்த ஊர். ஆடிக் கடைசியில் அவர் விடுப்பில் போனபோது, ஓணம் பம்பர் ஒன்று வாங்கி வரச் சொல்லி ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தோம். முதல் பரிசு இருபத்தைந்து கோடி, ஆளுக்கு ஐந்து கோடி. அதில் வரி பிடித்துக்கொள்வார்கள் என்று சேட்டன் சொன்னார். என் சொந்தப் பணத்திலிருந்து அவரே எடுத்துக்கொண்டதுபோல எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

டிக்கெட் வந்த அன்றிலிருந்து மேசையில் ஒரே செலவுதான். பென்னலூர்க்காரி கேன்டீனை வாங்குவதாக இருந்தாள். முழுத் தொழிற்சாலையும் வேண்டாம், கேன்டீன் மட்டும் போதும். அது இருக்கிற இடத்தில்தான் அவர்களுடைய வேர்க்கடலைக் கொல்லை இருந்ததாம். "எங்க நெலத்துல குந்திக்கினு எவனோ ஊத்தற சாம்பார துன்றேன்" என்று தினமும் மதியம் ஒரு தடவை சொல்வாள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்ணுக்கு ஓர் அறை வேண்டும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்க வேண்டும், காலை பத்து மணி வரை யாரும் தட்டக் கூடாது. லைன் லீடருக்குக் கம்பெனி பஸ் வேண்டும். அது அவள் வீட்டு வாசலில் அவளுக்காக ஹாரன் அடிக்காமல் காத்திருக்க வேண்டும். நான் எங்கள் சூப்பர்வைசரை விலைக்கு வாங்குவதாக இருந்தேன். அவரை என் ஸ்டூலில் உட்கார வைத்து, ஷிஃப்டுக்கு ஆயிரம் வளையம் பார்க்கச் சொல்லி, பின்னால் நின்று "ஸ்பீடு பத்தலியே சார்" என்று சொல்ல வேண்டும்.

ஐந்தாவது ஆள் பேக்கிங் அக்கா. மேசையின் கோடியில் நின்றுகொண்டு நல்ல வளையங்களை நூறு நூறாக எண்ணிக் கவரில் போட்டு ஒட்டுவாள். வந்தவாசிக்குப் பக்கத்திலிருந்து வந்து, பிள்ளைப்பாக்கத்தில் வாடகை அறையில் இருந்தாள். எங்களில் அவள் மட்டும் கான்ட்ராக்ட். எங்கள் அடையாள அட்டைக்கு நீலக் கயிறு, அவளுடையதுக்கு மஞ்சள் கயிறு. நீ என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "அஞ்சு கோடி கட்டினா நீலக் கயிறு குடுப்பாங்களா?" என்றாள். ஐந்து கோடி வைத்துக்கொண்டு எவளாவது வேலைக்கு வருவாளா என்று நாங்கள் சிரித்தோம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

டிக்கெட்டை யார் வைத்துக்கொள்வது என்பதில் பெரிய சண்டை. எல்லாரும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டோம். ஆனால் பரிசு வாங்க அசல் காகிதம் வேண்டுமே. லீடர் வீட்டில் புருஷன் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். ஹாஸ்டலில் சோப்பு டப்பாவே தங்குவதில்லை. பென்னலூர்க்காரி வருடத்துக்கு மூன்று அடையாள அட்டை தொலைப்பவள். நான் கை நீட்டியபோது, "உன்கிட்டயா?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். போன ஆயுத பூஜைக் குலுக்கலில் எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் விழுந்தது. அது என் கூப்பனுக்கு விழுந்ததா, என்னிடம் கொடுத்து வைத்திருந்த பென்னலூர்க்காரி கூப்பனுக்கு விழுந்ததா என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கடைசியில் டிக்கெட் அக்காவிடம் போயிற்று. கை கழுவும் இடத்தில் கிடந்த தங்கத் தோட்டை செக்யூரிட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். ரேஷன் கார்டு வைத்திருந்த கவருக்குள் டிக்கெட்டையும் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, மேசைக் கோடியில் வேறு ஒருத்தி நின்று கவர் ஒட்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்ம், ஷூ, மஞ்சள் கயிறு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அறையைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டாள். நாங்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாவம், இனி என்ன செய்வாள் என்று யாரும் கேட்கவில்லை. முதலில் வாய் திறந்தவள் நான். நான் கேட்டது, "டிக்கெட்டு?"

மூன்று வருடம் எங்களோடு நின்றவள், எங்களில் ஒருத்தியிடமும் அவள் நம்பர் இல்லை. கம்பெனி பஸ் டிரைவரிடம் இருந்தது. காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வரும்போது, நிறுத்தச் சொல்லி அவருக்குத்தான் கூப்பிடுவாளாம்.

அன்று மாலை திரும்பி வரும் பஸ்ஸில், ஒரே ஃபோனைச் சுற்றி நான்கு தலைகள். பிள்ளைப்பாக்கம் வரும்போது அக்கா எடுத்தாள். லீடர் "நான்தான்க்கா" என்றாள். "நீங்கள்லாம் பேசுவீங்கன்னு நெனக்கவே இல்லம்மா" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. லீடர் மூன்று லைன்களை மிரட்டி வேலை வாங்குகிறவள். அவளுக்கே டிக்கெட்டைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. "சாப்ட்டியாக்கா?" என்று கேட்டு வைத்தாள்.

ஃபோனை வைத்ததும் ஹாஸ்டல் பெண் மட்டும், "பேசாம நேரா கேட்ருவோமாக்கா? இல்லாட்டி பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வந்துருவோம்" என்றாள். வேலை போன மூன்றாம் நாள் டிக்கெட்டைத் திருப்பிக் கேட்டால் அவளைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும், வேண்டாம் என்றேன். அவள் எங்களை மறக்காதபடி அடிக்கடி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தால் போதும், டிக்கெட் தானாகப் பத்திரமாக இருக்கும். திட்டம் போட்டவள் நான்தான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் திட்டம் நல்ல திட்டம்.

தொழிற்சாலைக்காரர்கள் எதையும் முறை போடாமல் செய்ய மாட்டோம். திங்கள் லீடர், செவ்வாய் பென்னலூர்க்காரி, புதன் நான், வியாழன் ஹாஸ்டல் பெண். மற்ற நாள் வேண்டாம், தினமும் பேசினால் சந்தேகம் வரும். டிக்கெட் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. பேசியவள் மறுநாள் காலை பஸ்ஸில், ஷிஃப்ட் மாறும்போது சொல்வதுபோல, விவரம் ஒப்படைக்க வேண்டும். "அக்காவுக்கு இடது முட்டி வீக்கம் கொறஞ்சிருக்கு. வலது பரவால்ல. மாமியார் பேசறதில்ல. பசு சினை, இந்த மாசக் கடைசி." அடுத்தவள் முட்டியில் தொடங்கிப் பசுவில் முடிப்பாள்.

மூன்றாவது வாரம் எனக்குள் ஏதோ மாறிவிட்டது. புதன்கிழமை வந்தால் சீக்கிரம் சமைத்து முடித்துவிட்டு ஃபோனோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். பத்து நிமிடம் அரை மணி ஆயிற்று. என் வீட்டில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டியபோது கழிவறையில் போய் அழுததைக்கூடச் சொன்னேன். அவள் அறிவுரை எதுவும் சொல்ல மாட்டாள். "அவன் கெடக்கறான் வுடு, துன்னியா?" என்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது. பசு ஆண் கன்று போடுமா, பெண் கன்று போடுமா என்று மேசையில் பந்தயம் வேறு கட்டியிருந்தோம். ஒரு கட்டத்தில் டிக்கெட் நம்பரே எனக்கு மறந்துபோனது.

குலுக்கல் ஒரு சனிக்கிழமை. ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து ஃபோனை எடுத்து, படத்தில் இருந்த நம்பரை முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். கீறல் தேடுகிற கண்கள் நான்கு ஜோடி. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தும் கடைசி நான்கு எண்களுக்கு உள்ள சின்னப் பரிசுகூட இல்லை. "கேன்டீன் தப்பிச்சிது" என்றாள் பென்னலூர்க்காரி. பஸ்ஸில் தூங்கிவிட்டோம்.

திங்கட்கிழமை லீடர் அக்காவிடம் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை பென்னலூர்க்காரியும் பேசவில்லை. காலை பஸ்ஸில் ஒப்படைக்க விவரம் எதுவும் இல்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. புதன்கிழமை மாலை நான் சமைத்து முடித்து ஃபோனைக் கையில் எடுத்தேன், மறுபடி கீழே வைத்தேன். இவ்வளவு நாள் பேசியதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது எந்த முகத்தோடு பேசுவது என்று தெரியவில்லை. துணி மடிக்க உட்கார்ந்துவிட்டேன். ஃபோன் அடித்தது. அக்கா.

"இன்னாடி, இன்னிக்கு புதன்கெழம. உன் மொற ஆச்சே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேலைக்கா..." என்று இழுத்தேன்.

"இருக்கட்டும். ஞாயித்துக்கெழம பசு கன்னு போட்டுச்சு. பொட்டக் கன்னு. திங்கக்கெழம லீடரு பண்ணும், சொல்லலாம்னு ஃபோன கையிலயே வெச்சிக்கினு இருந்தேன். செவ்வாக்கெழம பென்னலூரு பண்ணும்னு பாத்தேன். அதான் இன்னிக்கு நானே பண்ணேன்."

"எங்க முறை உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"மூணு வருசம் பக்கத்துல நின்னேன், ஒருத்தி என் நம்பரு கேக்கல. வேல போனதும் நாள் வெச்சிக்கினு பேசறீங்க. டிக்கெட்டு என்னாண்ட கீது, அதுக்குத்தான்னு எனக்குத் தெரியாதா இன்னா?"

முகம் எரிந்தது. எங்கள் மேசையில் வாய்க்குப் பேர்போனவள் நான். அன்று எனக்குக் கிடைத்தது ஒரே வார்த்தைதான். "மன்னிச்சுக்கோக்கா" என்றேன்.

"அட, அதுக்கு இன்னா? நல்லாத்தான் இருந்துச்சு. இந்த வூட்ல என்ன யாரு துன்னியான்னு கேக்கறாங்க?" என்றாள். பின்னால் பசு கத்தும் சத்தம் கேட்டது. அவள் அதை அதட்டிவிட்டு மறுபடி வந்தாள். "சேட்டன் பூஜைக்கு ஊருக்குப் போவாரு இல்ல? பூஜை பம்பர் ஒண்ணு வாங்கியாரச் சொல்லு. என் பங்கு நான் குடுத்துடறேன். ஆனா டிக்கெட்டு என்னாண்டதான் இருக்கணும், சொல்லிட்டேன்."