பெர்னார்டுக்கு ஒரு மணல்வண்டி

முதலில் வெட்கம்கெட்ட ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெர்னார்ட் இறந்துபோன செய்தி வந்தபோது நான் நாகர்கோவிலில் ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் போளியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அதன்மேல் பால்பாயசம் விழக் காத்திருந்தேன். அவனுடைய மச்சினன் ஆன்றோ போனில், "அத்தான் போயிட்டாரு அண்ணே" என்றான். போனை வைத்தேன். பாயசம் வந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். நெஞ்சு அடைத்தது, இலையை மூடிவிட்டு ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பக்கத்து இலைக்காரர் நம்முடைய இந்தப் பழைய மாணவர் மலரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர்.

உங்களில் பலருக்கு அவனை பி.காம். வகுப்பின் கடைசி பெஞ்சில் தெரியும். சிலருக்கு, இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையில் மீன் ஏலம் விளிக்கிறவனாகத் தெரியும். வள்ளம் கரையேறியதும் மீன் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, வியாபாரிகள் கேட்கிற விலையை வாங்கி வாங்கி மேலே ஏற்றுகிற வேலை. "நான் விளிச்சா செத்த மீனே ஒருக்கா திரும்பிப் பாக்கும் மக்கா" என்பான். படித்த படிப்புக்கு வங்கியில் சேர்ந்திருக்கலாமே என்று கேட்டால், "அங்க சத்தம் போட விடுவானுவளா?" என்று திருப்பிக் கேட்பான்.

போன வருடம் பக்கவாதம் வந்தது. வலது காலும் வலது கையும் போயின. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, அதிலும் கிண்டல்தான் முதலில் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன என்னிடம், "ஆரஞ்சு கொண்டுவந்தியா, இல்ல கைய வீசிட்டு வந்தியா?" என்றான். நான் கையை வீசிக்கொண்டுதான் போயிருந்தேன்.

அவன் படுத்திருந்த நாட்களில் ஏலம் விளித்தவன் ஆன்றோ. ஊர்க் கமிட்டி ஒரு முடிவு சொன்னது. சாளை மீன் சீசன் தொடங்குகிற அன்று பெர்னார்ட் கரைக்கு வந்து விளித்தால் ஏலம் அவனுக்கு. வராவிட்டால் இனிமேல் ஆன்றோவுக்கு. ஆன்றோ நல்லவன்தான். அதுதான் பெர்னார்டுக்குப் பெரிய கடுப்பு. "கெட்டவனா இருந்தா ஏசிட்டாவது கெடக்கலாம்" என்றான். வீட்டுச் சிமெண்டுத் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவான். மணலில் ஓரடி வைத்தால் கால் புதைந்து சாய்ந்துவிடும். கரையோ முழுக்க மணல்.

இந்த நேரத்தில்தான் வட்டக்கோட்டைப் பக்கம், சுற்றுலா வருகிறவர்களைக் கடற்கரையில் சுற்றிக் காட்டிய ஒருவர் தொழிலை நிறுத்திவிட்டு, குண்டுச் சக்கர வண்டி ஒன்றை விற்கிறார் என்று போனில் பார்த்தான். ஏ.டி.வி. என்று பெயர். எந்தத் தரையிலும் ஓடுமாம்.

"எனக்க ரெண்டு காலுக்குப் பதிலா நாலு சக்கரம் மக்கா. பாக்க வாறியா?"

ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்தால்கூட வண்டி ரிப்பேர் என்று நினைக்கிற என்னை நிபுணனாக அழைத்துப்போனான். நான் தோரணையாகச் சக்கரத்தை உதைத்துப் பார்த்தேன். கால் வலித்தது. "காத்து இருக்கு" என்று அறிவித்தேன். உப்புக்காற்று சைலன்சரைத் தின்றிருந்தது. சீட்டைத் தூக்கியதும் ஒரு நண்டு இறங்கிப் போனது. ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடியே பெர்னார்ட், "அது வண்டியோட சேந்ததா, தனி வெலையா?" என்றான்.

விற்பவர் எழுபதாயிரம் என்றார். பெர்னார்ட் கொஞ்சம் யோசித்து, "எழுபத்தஞ்சு" என்றான்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "லே, நீ வாங்க வந்திருக்கே, விளிக்க இல்ல!" என்றேன். பெர்னார்ட் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். "நாக்கு பழகிப்போச்சு மக்கா. வெலையக் கேட்டா மேலதான் போகும்." அவர் எழுபதுக்கே கொடுத்தார். இந்தக் கதையை நான் நாகர்கோவில் முழுக்கச் சொன்னேன். சலூனில் சொன்னபோது, முகத்தில் சோப்போடு இருந்தவர் சிரித்துக் கன்னத்தில் கீறல் வாங்கினார்.

வண்டிக்கு நம்பர் கிடையாது, சாலையில் ஓட்டக்கூடாது. எங்கும் போகிற வண்டியை எங்கே கொண்டுபோகவும் ஒரு குட்டியானை லாரி வாடகைக்குப் பிடிக்கவேண்டியிருந்தது. மெக்கானிக் செல்வின் எதைக் கேட்டாலும் "செய்யலாம்ணே" என்பான், எப்போது என்பதை மட்டும் சொல்லமாட்டான். பெரிய வேலை ஆக்சிலேட்டர். அது வலது கைப் பெருவிரலால் அமுக்குகிற மாதிரி இருந்தது. அதைக் கழற்றி இடப்பக்கம் மாற்றவேண்டும். அதோடு முதுகுக்கு ஒரு சாய்வு, இடுப்புக்கு ஒரு பெல்ட், குடை செருக ஒரு குழாய். செல்வின் ஹாரனை மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, "கழத்தி நீயே வச்சுக்கோ. நான் இருக்கச்சில ஹாரன் எதுக்குலே?" என்று பதில் வந்தது. ரிவர்ஸ் கியரைப் பற்றி மட்டும் பெர்னார்ட் கவலைப்பட்டான். "கடலப் பாத்து ஓட்டுக வண்டியாக்கும். பின்னால வரத் தெரியணும்."

சாளை வந்தது. குட்டியானையிலிருந்து பலகை போட்டு வண்டியை இறக்கினார்கள். வெள்ளைச் சட்டை, தலைக்குமேல் குடை, ஆக்சிலேட்டரில் இடது பெருவிரல். பெர்னார்ட் மீன் குவியலை நோக்கி வந்தான்.

மீன்கார அக்கா ஒருத்தி, "மாப்பிள ஊர்வலமா வாறாரு. பொண்ணு எங்கப்பா?" என்றாள்.

"பொண்ணு வள்ளத்துல வந்தாச்சு. நீ கூடையக் கொண்டா" என்றான் பெர்னார்ட்.

கரையே சிரித்தது. கமிட்டிக்காரர்களும் சிரித்தார்கள். அவன் தொண்டையைச் செருமிவிட்டு, "ஆயிரம்!" என்று தொடங்கினான். பழைய குரல், ஒரு கீறல் இல்லை. ஒரு வியாபாரி "ஆயிரத்தி நூறு" என்றார்.

"தொளாயிரம்!" என்றான் பெர்னார்ட்.

வேடிக்கை என்று நினைத்தோம். இன்னொருவர் தயங்கி, "ஆயிரத்தி இருநூறு" என்றார்.

"எண்ணூறு!"

முகத்தில் வேடிக்கை இல்லை. அவன் ஏற்றிக்கொண்டுதான் இருந்தான். குரல் ஏறியது, புருவம் ஏறியது. எண் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. யாரும் சிரிக்கவில்லை. வட்டக்கோட்டையில் அவன் பேரம்தான் பேசியிருக்கிறான். அறுபத்தைந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருக்கிறான்.

என் பக்கத்தில் நின்ற அவன் மனைவி ஜெசிந்தா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும் அண்ணே. வீட்டுல மணி கேட்டா தப்பாத்தான் சொல்லுவாவ. அந்த வண்டிமேல அவ்வளவு ஆசையா இருந்தாவ. நான் எப்பிடிச் சொல்ல?"

நான் என்ன செய்தேன்? குடை சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தினேன்.

வண்டிக்குப் பின்னால் நின்ற ஆன்றோதான் கத்தினான்: "அத்தான் ஆயிரத்தி முந்நூறுன்னு விளிக்காரு! காது கேக்கல்லியா ஒங்களுக்கு?" பிறகு ஒரு வியாபாரி "ஆயிரத்தி நானூறு" என்றார். பெர்னார்ட் ஏதோ ஒரு எண்ணை விளித்தான். ஆன்றோ அதைச் சரியான எண்ணாக்கிக் கத்தினான். அந்தச் சீசன் முழுக்க ஏலம் அப்படியே நடந்தது. ஏலம் யாருடையது என்று கமிட்டி அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

பிறகொரு நாள் வீட்டில் அவனே பேச்சை எடுத்தான். "நான் தப்பாச் சொல்லுகது எனக்குச் சரியாத்தான் கேக்கு மக்கா. நீங்க சிரிச்ச பெறவுதான் தெரியுது." ஆக்சிலேட்டரைக் கை மாற்றிப் பூட்ட செல்வின் இருந்தான். இதற்கு யாரைக் கூப்பிடுவது? ஊருக்கெல்லாம் சிரிப்புக் காட்டுகிறவன் என்று பெயர் வாங்கிய நான், அவன் கொடுத்த கட்டன்சாயாவை ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சீசன் முடிகிற சமயத்தில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. அதிலிருந்து அவன் எழவில்லை.

அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். யார் வாங்கப்போகிறார் என்று முன்கூட்டியே எப்படித் தெரிகிறது என்று முன்பு ஒருமுறை கேட்டிருந்தேன். "மூஞ்சியப் பாக்காத. மூஞ்சி நடிக்கும். காலப் பாரு. எடுக்கப் போறவன் காலு மணல்ல ஊணி நிக்கும்" என்றான். அன்றிலிருந்து எங்கே போனாலும் நான் கால்களைத்தான் பார்க்கிறேன். அவனை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்த பிறகும் ஒரு கால்கூட நகரவில்லை.

அந்தப் பழக்கத்தால்தான் இதையும் பார்த்தேன். முதல் நாள் அவன் ஆக்சிலேட்டரை அமுக்கிக்கொண்டு வந்தபோது, வண்டிக்குப் பின்னால் ஆன்றோவின் கால்களும் மூன்று வியாபாரிகளின் கால்களும் கணுக்கால்வரை மணலில் புதைந்து புதைந்து எழுந்தன. செல்வின் அத்தனை மாற்றிப் பூட்டிய அந்த வண்டியின் எஞ்சின் அன்று மட்டுமல்ல, ஒரு நாளும் ஸ்டார்ட் ஆகவில்லை.