டிவிக்குள் போன பாடு

கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்று கூப்பிடும் வீட்டில், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் யார் மேல் பழி என்பது முடிவாகியிருக்கும். பழவேற்காடு கடைத்தெருவில் ரிப்பேர் கடை வைத்து ஒன்பது வருஷமாகிறது. பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. ஸ்பீக்கர், டிவி, இயர்போன் என்று இரண்டு மூன்று வழி இருந்தால் கம்ப்யூட்டர் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை அங்கே அனுப்பிவிடும். செட்டிங்கில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. அரை நிமிஷத்தில் முடிகிற வேலையை யார் நம்புவார்கள்? இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கும் இது நடந்திருக்கும்.

படம் பிடித்தவர்

பக்கத்து ஊரான தோணிரேவில் பாபு என்பவர், நான் வேலை செய்யும்போது பின்னால் நின்று போனில் படம் பிடித்தார். "எங்க அமுக்கறன்னு தெரிஞ்சிட்டா அப்பால உன்ன எதுக்குக் கூப்புடணும்?" என்று வெளிப்படையாகவே சொன்னார். எனக்கும் சம்மதம்தான்.

பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். சத்தம் எங்கே போகலாம் என்று செட்டிங் காட்டும் பட்டியலில், வீடியோவில் இரண்டு பேர்கள் இருந்தன; இப்போது மூன்று. இடையில் அவர் புது புளூடூத் ஸ்பீக்கர் வாங்கியிருந்தார். மூன்றாவது பேர் அதனுடையது. எவ்வளவோ சொன்னேன். அவர் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"அன்னிக்கு ரெண்டுதான் இருந்துது. நான் எடுக்கறேன்னு தெரிஞ்சே நீ ஒண்ண மறைச்சிட்ட."

ஐந்து மணி

பழவேற்காடு ஏரியின் வடக்கே ஒரு மீனவர் குப்பம். அங்கே வலை கட்டுகிற இடங்களைக் குடும்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. அந்த முறைக்குப் பாடு என்று பேர். பாடு வந்தவர் விடிவதற்குள் போகாவிட்டால் பட்டியலில் அடுத்தவர் அங்கே வலை கட்டலாம். காற்றோ சாவோ வந்து தொழில் நின்றால் முறை தள்ளிப்போகும். அதனால் நாளைக்கு யார் பாடு என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அறிவிப்பார்கள். குப்பத்தின் செயலாளர் எல்லப்பன் காலையிலேயே பேசிப் பதிவு செய்துவிடுவார். ஐந்து மணிக்கு அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் அதைத் தெருக்கோடிக் குழாய் ஸ்பீக்கரில் தானாகவே போடும்.

ஒரு நாள் ஸ்பீக்கர் பேசவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டிய பேர் தேசப்பன். அறிவிப்பு இல்லாததால் தொழில் இல்லை என்று நினைத்து அவர் போகவில்லை. விடிந்தபோது அவர் இடத்தில் வலை கட்டியிருந்தவர் பட்டியலில் அடுத்தவர், எல்லப்பனின் மச்சான். இறால் நன்றாக விழுகிற சமயம். தேசப்பனுக்கு அந்த இடம் மறுபடி வர இன்னும் இருபத்திரண்டு நாள் ஆகும். குப்பத்துத் தலைவர் எனக்குப் போன் செய்தார். என்ன பழுது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"சத்தம் ஏன் வரலன்னு நான் கேக்கல தம்பி. யாரு வர விடலன்னு சொல்லு."

பிடுங்கிச் செருகியது

எல்லப்பன் வீட்டுக்குள் இருபது பேர் நின்றிருந்தார்கள். அறிவிப்பு வராத நாளுக்கு முந்தின நாள்தான் அவர் புது டிவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார். செட்டிங்கைத் திறந்தேன். சத்தம் போகிற இடமாக டிவியின் பேர் இருந்தது. கைப்பழக்கத்தில் உடனே ஸ்பீக்கருக்கு மாற்றி, பதிவைப் போட்டேன். வெளியே குழாய் அலறியது. அதற்குப் பிறகுதான் திரும்பி, டிவி ஒயரைச் செருகியதும் சத்தம் தானாக அங்கே போயிருக்கிறது, யாரும் மாற்றவில்லை என்று சொன்னேன்.

"புடுங்கிச் செருகு," என்றார் தேசப்பன். "தானா போவுதானு பாக்கலாம்."

பிடுங்கிச் செருகினேன். சத்தம் போகவில்லை. ஒருமுறை நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சில கம்ப்யூட்டர்கள் அதையே நினைவில் வைத்துக்கொள்ளும். அதைச் சொன்னேன், என் காதுக்கே சாக்கு மாதிரி கேட்டது. பழுதை இருந்தபடியே விட்டுக் காட்டியிருக்க வேண்டும். சரி செய்ததில் எல்லப்பனுக்கு இருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டேன். அப்போது மச்சான் வாயைத் திறந்தார். அன்று ஐந்து மணிக்குத் தான் இதே வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்ததாகவும், தேசப்பன் பேரை டிவியில் கேட்டதாகவும், வெளியேயும் கேட்கிறது என்று நினைத்ததாகவும் சொன்னார். உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். தேசப்பன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உன்ன இட்டாந்தது யாரு? தலைவரா, இவங்களா?"

எல்லப்பன் கொடுத்தது

எல்லப்பன் முன்னால் வந்தார். அன்றிலிருந்து மூன்றாம் நாள் அவருடைய பாடு. அதைத் தேசப்பன் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். தலைவர் தலையாட்டினார். நின்றிருந்தவர்கள் காலை மாற்றி நின்றார்கள். முடிந்தது என்று நான் பையை மூடினேன். மூடும்போது, புது டிவி மாட்டிய மனுஷன் அதில் சத்தம் கேட்கவேண்டும் என்று செட்டிங்கைத் தொடாமலா இருந்திருப்பார் என்று எனக்கே தோன்றியது. கேட்கவில்லை. எல்லப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேசப்பன் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"குடு, வாங்கிக்கறேன். தப்பு பண்லன்னா எதுக்கு நைனா குடுக்கற?"

இப்போதெல்லாம் சத்தம் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும், அது வராததை நாலு பேர் நன்றாகக் கேட்ட பிறகுதான் மவுஸைத் தொடுகிறேன்.