இரண்டு ரேடியோக்கள் திறந்துவிட்ட தண்ணீர்

அன்றைக்கு மில் ஐயாவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி. “தண்ணீர்ப் பேச்சை முதலில் எடுத்தது ரசியா அக்காதான்.”

சொல்லியிருக்கலாம். பாதி உண்மையும்கூட.

கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே, ஓர் அரிசி மில்லுக்குள் இருந்தது எங்கள் எஃப்.எம். ஸ்டேஷன். மில் முதலாளி ஐயாவின் ட்ரஸ்ட் நடத்தியது. படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் சாக்கு அடித்திருப்பார்கள். மைக் அருகே போனாலே புழுங்கல் நெல் அவிக்கிற வாசம்... காலை நிகழ்ச்சி முடிகிற ஏழு மணி வரை மில்லை ஓட்ட மாட்டார்கள். வேலைக்கு வந்தவர்கள் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஸ்டேஷன். அதை நடத்தியது விவசாயிகள் சொசைட்டி. அங்கே காலையில் பேசுகிறவர் ரசியா அக்கா. பாத்திரக்கடை ராவுத்தர் வீட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வணக்கம் சொன்னாலே பாதி ஊர் அந்தப் பக்கம் திருப்பிவிடும்.

இவ்வளவு சின்ன ஊருக்கு இரண்டு ரேடியோ. டீக்கடை கண்ணன் அண்ணன் கடையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரேடியோ வைத்திருந்தார். எங்கள் ரேடியோவைக் கேட்பவர்கள் இந்த பெஞ்சில், அவர்கள் ரேடியோவைக் கேட்பவர்கள் அந்த பெஞ்சில். நடுவில் உட்கார்ந்தவருக்கு எதுவும் விளங்காது.

பாட்டில் எல்லாம் பெரிய போட்டி இல்லை. போட்டி வாய்க்கால் தண்ணீரில். அணையிலிருந்து எப்போது திறந்துவிடுகிறார்கள் என்று எந்த ரேடியோ முதலில் சொல்கிறதோ, அதுதான் அந்த வாரம் ஜெயித்தது.

அதனால் நாங்கள் இருவரும் ஒரு காரியம் செய்வோம். பாட்டு ஓடும் நேரத்தில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு எதிர் ஸ்டேஷனைக் கேட்போம். நான் அவரை, அவர் என்னை. இருவருமே வெளியே சொன்னதில்லை.

அன்று ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு ரசியா அக்கா சொன்னார். “இன்னிக்குத் தண்ணி உடுவாங்கன்னு எதிர்பாக்கறோம்.”

எனக்குப் பதறியது. பாட்டைப் பாதியில் நிறுத்தி, “இன்னிக்குத் தண்ணி உடறாங்க” என்றேன்.

அதைக் கேட்ட அக்கா, மில் ஐயாவுக்கு அணை ஆபீசில் ஆள் இருக்கும்போல என்று நினைத்து, “தண்ணி உட்டாச்சுங்க” என்று அறிவித்தார்.

அப்பாடா, உறுதியாகிவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதி. “வந்துட்டே இருக்குதுங்க, மடையத் தொறந்து வெச்சுக்குங்க” என்றேன்.

கால் மணி நேரத்தில், அணையில் யாரும் ஷட்டரைத் தொடாமலே, தண்ணீர் ரேடியோவில் எங்கள் ஊர் எல்லைக்கு வந்துவிட்டது.

மம்பட்டியோடு போனவர்கள் பத்து மணி வரை காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மில் ஐயா கோபமாக வருவார் என்று நினைத்தேன். சந்தோஷமாக வந்தார். அவருக்கு வெகுநாளாக ஓர் ஆசை. சொசைட்டி ஸ்டேஷனை நடத்தும் பொறுப்பும் எங்கள் ட்ரஸ்டுக்கே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொசைட்டிக் கூட்டம் கூடி அதைத்தான் முடிவு செய்ய இருந்தது.

“அம்மிணி, மொதல்ல சொன்னது அந்தப் புள்ளதானே? அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. ஞாயித்துக்கெழம படிச்சுக் காட்டிப்போடலாம். அப்புறம் ரெண்டு ரேடியோலயும் காலைல நீதான்.”

ஊர் முழுக்க என் குரல்... ஒரு நிமிடம் அதைக் கேட்டும் பார்த்துவிட்டேன், மனசுக்குள். ஆனால் காதில் மாட்டிய ஒயரில் ரசியா அக்கா இல்லை.

“நாந்தானுங்க ஐயா தப்பாச் சொல்லிப்போட்டேன்.”

அதையே எழுதியும் கொடுத்தேன்.

பேப்பரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “உன்னைய வெச்சுட்டு நான் எங்க போயி அந்த ரேடியோவப் புடிக்கறது?”

மறுநாள் காலை மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். “நேத்துச் சொன்ன தண்ணிச் சேதி தப்புங்க. தப்பு என்ற மேலதான்.” சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் ஒயரைக் காதில் மாட்டினேன். அந்தப் பக்கம் ரசியா அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். “யாரையும் வையாதீங்க. மொதல்ல சொன்னவ நாந்தான்.”

டீக்கடையில் இரண்டையும் ஒன்றாகக் கேட்டவர்கள் சிரித்துப் புரையேறினார்களாம். “ஏனுங்க, நேத்துத் தண்ணிக்கு இந்தப் போட்டி, இன்னிக்குத் தப்புக்குமா?” என்றாராம் கண்ணன் அண்ணன்.

இன்னொரு வேடிக்கை. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் நிஜமாகவே வந்தது. பயத்தில் இரண்டு ஸ்டேஷனும் வாயே திறக்கவில்லை. வயலில் நின்ற ஒருவர் எனக்குப் போன் செய்தார். “அம்மிணி, முட்டி வரைக்கும் தண்ணில நிக்கறேன். இப்பவாச்சும் சொல்லுங்க.”

“நீங்களே சொல்லிருங்க” என்று அவர் குரலை அப்படியே ஒலிபரப்பினேன். அடுத்த ஐந்தாம் நிமிடம் அதே ஆள் ரசியா அக்கா ஸ்டேஷனிலும் பேசிக்கொண்டிருந்தார். இன்னும் சத்தமாக.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போன் செய்த அந்த ஆள்தான் எழுந்தாராம். “ரெண்டையும் ஒருத்தருகிட்டக் குடுத்துட்டா, காலைல யாரு யாரோட போட்டி போடறதக் கேக்கறதுங்க? டீ எறங்குமா?” சிரிப்போடு கூட்டம் முடிந்தது. சொசைட்டி ஸ்டேஷனை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது தண்ணீர் திறக்கும் நேரம் முந்தைய நாளே எல்லோர் போனுக்கும் மெசேஜாக வந்துவிடுகிறது. சரியாகத்தான் வருகிறது. மம்பட்டியோடு யாரும் ஏமாந்து நிற்பதில்லை. அதைப் படித்துவிட்டு யாரும் டீக்கடையில் பெஞ்ச் மாறி உட்காருவதும் இல்லை.

அந்தக் கூட்டம் நடந்த அடுத்த வருடமே மில் ஐயா எங்கள் ஸ்டேஷனை மூடிவிட்டு அந்த இடத்தில் நெல் அடுக்கினார். நான் சொசைட்டி ஸ்டேஷனில் சேர்ந்தேன். ஆறு மணி ரசியா அக்காவுக்கு, ஆறரை எனக்கு.