மேல் துணியில் ஒரு கோடு

இது நடந்தது. பதினெட்டு வருடமாகக் குற்றச் செய்திகள் எழுதுகிறேன். காதால் கேட்டதை எழுதினால் 'கூறப்படுகிறது' என்று சேர்ப்பது எங்கள் தொழில் வழக்கம். இதில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. என் தங்கையின் இடது தோளில் ஒரு தழும்பு இருக்கிறது. கழுத்தை நோக்கிப் போய், பாதியில் நின்றுவிட்ட தழும்பு.

நகரத்தின் பழைய ஃபேஷன் தெருவைச் சுற்றிக் காட்டும் ஞாயிறு நடை அது. பொத்தான் கடை, லேஸ் கடை, தலையில்லாத பொம்மைகள் நின்ற ஷோரூம் எல்லாம் பார்த்தோம். மஞ்சள் குடையோடு முன்னால் நடந்த வழிகாட்டிப் பெண் சரியான வாயாடி. என்னையும் தங்கையையும் தவிர ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் மட்டுமே வந்திருந்தார்கள்.

கடைசியாக மூன்றாம் மாடி. ஆளொழிந்த கட்டிங் அறை. நடுவில் ஒரு நீள மேஜை. அதன் பலகை முழுக்கக் கத்தரிக் கீறல்கள்.

"கட்டிங் மாஸ்டர் எல்லாத் துணியிலயும் கோடு போட மாட்டாருங்க" என்றாள் வழிகாட்டி. "நாலு துணிய அடுக்குவாரு. மேல இருக்கறதுல மட்டும் சாக்பீஸால ஒரு கோடு. ஒரே வெட்டு. அடியில இருக்கறதுக்கும் அதே வெட்டுதான்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கடைசியா இருந்த மாஸ்டர், கூட வேலை பார்த்த ஆளை இந்த மேஜையிலேயே வெட்டிட்டாராம். நெசமான்னு மட்டும் கேக்காதீங்க. டிக்கெட் நல்லா போகுது."

"எங்களுக்கு இன்ஷூரன்ஸ் உண்டாம்மா?" என்றார் வாத்தியார். அவர் மனைவி அவரை இடித்தார்.

"வாங்க, நம்ம டூர் போட்டோ. துணி அடுக்கு மாதிரி ஒட்டி நில்லுங்க."

முன்னால் என் தங்கை. பின்னால் வாத்தியாரின் மனைவி, அவருக்குப் பின் வாத்தியார், கடைசியில் வழிகாட்டி. படம் எடுத்தது நான். மணி 4.46.

போனைத் தாழ்த்தியபோதுதான் பார்த்தேன். தங்கையின் பச்சைச் சட்டையில், இடது தோளிலிருந்து ஒரு நீலக் கோடு.

"எங்கயாவது உரசியிருப்பேன்க்கா."

"கீழ நிக்கறோம், மெதுவா வாங்க" என்று மற்ற மூவரும் இறங்கினார்கள். நான் கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டை நீலமானது. கோடு அப்படியே இருந்தது.

இல்லை... அது நீண்டிருந்தது. காலரைத் தாண்டி, தோலின் மேல் ஏறி, தொண்டைக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன அப்படிப் பாக்கற?"

"சட்டையக் கழட்டு."

"லூசா நீ?"

மேஜையில் சத்தம்.

க்ர்ரக்...

கனத்த கத்தரி பலகையில் உரசும் சத்தம். மேஜையில் ஒன்றுமே இல்லை.

தங்கை பின்னால் இழுக்கப்பட்டாள். மேஜையில் மல்லாந்து விழுந்தாள். பின்மண்டை பலகையில் மோதியது. வெட்டுவதற்கு முன் சுருக்கம் எடுப்பதுபோல, எதுவோ அவளை அழுத்தி நீவியது. அவள் கன்னம் தட்டையாக நசுங்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

க்ர்ரக்...

சட்டை கோட்டின் மேலேயே பிளந்தது. அடுத்து தோல். ரத்தம் என் முகத்தில் அடித்தது.

"அக்கா..."

அவள் தோளுக்கு மேல் வெற்றுக் காற்றைப் பிடித்தேன். கை அகப்பட்டது. தடித்த கை. கட்டைவிரல் அடியில் கல்லாய்க் காய்ப்பு.

கடித்தேன்.

வாயெல்லாம் சாக்பீஸ் தூள்.

பிடி தளர்ந்தது. அவளைத் தரையில் இழுத்துப் போட்டேன்.

சத்தம் நிற்கவில்லை.

காலி மேஜையில்... க்ர்ரக்... க்ர்ரக்...

கோட்டின் கடைசிவரை.

அப்புறம் 'டக்'.

கீழே தெருவில் யாரோ அலறினார்கள்.

மணி 4.58.

மருத்துவமனையில் தங்கைக்குப் பதினான்கு தையல். தைத்த டாக்டர், "அந்த மூணு பேரும் உங்களோட வந்தவங்களா?" என்று கேட்டார். வாத்தியார், அவர் மனைவி, வழிகாட்டி. மூவருக்கும் இடது தோளில் தொடங்கித் தொண்டையைக் கடந்து போன ஒரே வெட்டு. ஒருவரும் பிழைக்கவில்லை. நடைபாதையில் அவர்கள் சும்மா நின்றுகொண்டிருந்ததாகவும், பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லை என்றும் பொத்தான் கடைக்காரர் போலீசிடம் சொன்னார். நான் விசாரித்தபோதும் அதையேதான் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் போன் செய்தார். தொழில்முறையில் பழக்கமானவர். வழக்கமாக வணக்கம் சொல்லி, செய்தித்தாளைக் கிண்டல் செய்த பிறகே விஷயத்துக்கு வருவார். அன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உங்க தங்கச்சி அன்னிக்கு என்ன கலர் சட்டை போட்டிருந்தாங்க?"

"பச்சை. ஏன் டாக்டர்?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"மூணு பேரோட கழுத்துக் காயத்துக்குள்ளயும் பச்சை நூல் இருக்கு."