முப்பத்திரண்டாவது அடியில் கடல்

கண்டமங்கலத்தில் பச்சைமுத்துவுக்கு இரண்டு காணி கொல்லை இருந்தது, கிணறு இல்லை. வடக்கே ஒட்டியிருந்த பங்காளி சுப்புராயனுக்குக் கிணறும் இருந்தது, அதைவிட ஆழமான வாயும் இருந்தது. மல்லாட்டைப் பயிருக்கு ஒரு மடை தண்ணீர் வேண்டுமென்றால் முதலில் சுப்புராயனின் அறிவுரை பாய்ந்து முடிய வேண்டும். பத்து வருஷம் கேட்டுச் சலித்த பச்சைமுத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு சித்திரையில் தன் கொல்லையிலேயே கிணறு வெட்ட ஆள் விட்டார்.

முப்பத்திரண்டாவது அடியில் கிளிஞ்சல் வந்தது. ஒன்றிரண்டு அல்ல, கூடை கூடையாக. நடுவே கிடாக்கொம்பு போல் சுருண்ட கல் வேறு. மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்தவர் பச்சைமுத்து. கிளிஞ்சல் இருந்தால் கடல், கடல் இருந்தால் உப்பு என்று முடிவு கட்டினார். சந்தேகத்துக்கு ஒரு கிளிஞ்சலை நக்கியும் பார்த்தார். கரித்தது. அது அரை நாள் மண் சுமந்த கையின் வேர்வை என்று மனைவி தையல்நாயகிக்குத் தெரிந்தது. சொன்னால் ரோஷம் வருமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து கிணற்றைத் தூர்ப்பதாக ஏற்பாடு. திரும்பவும் சுப்புராயன் முன்னால் போய் நிற்க வேண்டுமே என்று பச்சைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. தையல்நாயகிக்கும் கவலைதான். அங்கே கேட்டதையெல்லாம் மனிதர் வீட்டில்தானே கொட்டுவார்?

ஓடைக்கரையில் ஒரு வாரமாக ஜீப்பை நிறுத்திக் கல் பொறுக்கும் மெட்ராஸ் நிலவியல் அதிகாரியை அவள் கவனித்திருந்தாள். புதன்கிழமை, சுருண்ட கல்லையும் கிளிஞ்சலையும் முறத்தில் பரப்பி, வடகம் காயவைப்பதுபோல் ரோட்டோரம் வைத்தாள். ஜீப் தாண்டிப் போய், நின்று, பின்னோக்கி வந்தது.

அதிகாரி அரங்கநாதன் கிணற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு மனசில்லாமல் மேலே வந்தார். நம் நிலமும் தெற்கே பனி மூடிய கண்டமும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன, பிளந்து விலகியபோது நடுவில் உண்டான பள்ளத்தில் கடல் புகுந்தது, ஏழு கோடி வருஷத்துக்கு முன் அந்தக் கடல் இந்தக் கொல்லை வரைக்கும் நின்றது என்றார். பூமியின் மேலோடு பெரிய பாளங்களாக இருக்கிறதாம். அவை நகர நகரக் கடல் பள்ளங்கள் பிறக்குமாம், அகலுமாம், சில மூடியும் போகுமாம். இப்போதுதான் உலகம் இதை நம்பத் தொடங்கியிருக்கிறதாம். நகம் வளரும் வேகத்தில் இந்தியா இன்னும் வடக்கே போகிறதாம்.

“என் கொல்லையுங்களா?”

“உங்க கொல்லையும்தான்.”

பச்சைமுத்துவின் முகம் மலர்ந்தது. “அப்பிடின்னா சுப்புராயன் வரப்புல பூந்துடும் சார்.”

“அவர் நிலமும் கூடவேதான் போகுது.”

“அவனும் கூடவே வர்றானா,” என்று பச்சைமுத்து மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

உப்பைப் பற்றிக் கேட்டதற்கு, கடல் விலகியபின் பெய்த மழையெல்லாம் உப்பைக் கழுவியிருக்கும், ஆனாலும் வெட்டிப் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது என்றார் அரங்கநாதன். பச்சைமுத்து மனைவியைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழம தூர்க்க வர்ற ஆளுங்கள வெட்டச் சொல்லுங்க,” என்றாள் தையல்நாயகி.

முப்பத்தேழாவது அடியில் ஊற்று கசிந்தது. சனிக்கிழமை காலையில் முழங்கால் ஆழம் நின்றது. சேதி கேட்டு சுப்புராயனும் வந்து கைகட்டி நின்றார். ஒரு சொம்பு மொண்ட பச்சைமுத்துவுக்கு அதை வாயில் வைக்கத் தைரியம் வரவில்லை. மனைவியிடம் நீட்டினார்.

பாதி குடித்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இன்னாமே, உப்பா?” என்றார்.

மிச்சத்தையும் அவள் நிதானமாகக் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சொம்பை அவரிடம் நீட்டினாள்.

“இன்னொரு சொம்பு மொண்டு குடுங்க.”